‘டஃப் ரோ டு ஹோ’... கோவில்பட்டி கரிசல்காட்டில் அர்த்தம் புரியும் ஆங்கில மரபுத்தொடர்!

எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களின் கையேட்டில் ‘இடியம்ஸ் அண்ட் ஃப்ரேஸஸ்’ என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கும். இடதுபக்கம் ஆங்கிலத் தொடர், வலதுபக்கம் அதற்கு ஒரு வரி அர்த்தம். அந்தப் பட்டியலில் வரும் ஒரு தொடர்தான் ‘எ டஃப் ரோ டு ஹோ’. எதிரே ‘கடினமான வேலை’ என்று போட்டிருக்கும். அதற்கு மேலும் கீழும் இருக்கும் இன்னும் சில தொடர்களுக்கும் கிட்டத்தட்ட இதே அர்த்தம்தான். எல்லாமே கடினமான வேலை என்றால், எதை எங்கே பயன்படுத்துவது? அது புரியாமலே மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்த மறுநாளே மறந்தும் போகிறது.

இந்தத் தொடரின் முழு அர்த்தமும் கையேட்டில் கிடைக்காது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகும் சாலையிலோ, கழுகுமலை போகும் சாலையிலோ பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்தால் கிடைத்துவிடும். கறுத்த மண்ணில் பச்சைப் பசேலென்று பயிர். அதற்குள் வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்கள். தலையில் சும்மாடு போலச் சுற்றிய துண்டு, சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை, கையில் களைக்கொத்தி. அவர்கள் செய்துகொண்டிருக்கும் வேலையின் பெயர்தான் அந்த ஆங்கிலத் தொடர்!

‘ரோ’ என்றால் வரிசை... ‘ஹோ’ என்றால் களைக்கொத்து!

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ‘ரோ’ என்பது பயிர் வரிசை. ‘ஹோ’ என்பது களை வெட்டும் கருவி. அதையே வினைச்சொல்லாக்கினால் களை வெட்டுவது, மண்ணைக் கொத்திவிடுவது. ‘டஃப்’ என்றால் கடினம். ஆக, ‘களை வெட்டக் கடினமான ஒரு வரிசை’ என்பதுதான் நேரடிப் பொருள். ‘ஹார்ட் ரோ டு ஹோ’, ‘லாங் ரோ டு ஹோ’ என்றும் சொல்வார்கள்.

இங்கே ‘வரிசை’ என்ற சொல்தான் முக்கியம். வயற்காட்டில் இறங்காதவர்களுக்கு அது வெறும் செடி வரிசை. களை எடுக்கப் போனவர்களுக்கோ அது தன் பங்கு.

கரிசல்காட்டில் அதற்கு ‘நிரை’ என்று பெயர். பேச்சுவழக்கில் ‘நெரை’. களை எடுக்க வந்தவர்கள் காட்டின் ஒரு ஓரத்தில் வரிசையாக நின்று ஆளுக்கொரு நிரை பிடித்துக்கொள்வார்கள். விதை வரிசையாக ஊன்றப்படாமல் கையால் விதைக்கப்பட்டிருந்தாலும், இந்த அகலம் இவருக்கு, அடுத்தது அவருக்கு என்று நிரை உண்டு. பிடித்த நிரையை மறுமுனை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நடுவில் கோரை மண்டிக் கிடந்தாலும், மண் இறுகிக் கிடந்தாலும், ‘எனக்கு வேண்டாம், பக்கத்து நிரை கொடு’ என்று கேட்க முடியாது.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு ‘நிரை’ புதிய சொல் அல்ல. யாப்பில் நேரசை, நிரையசை என்று படித்த அதே சொல்தான். பழந்தமிழில் பசுக்கூட்டத்தை ‘ஆநிரை’ என்றார்கள். வகுப்பறையில் செத்துப்போன சொல்லாகத் தெரிவது, காட்டில் இன்றும் காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்துவிடுகிறது.

9 கிலோமீட்டர் குனிந்தே போக வேண்டும்!

ஒரு ஏக்கர் காட்டில் பருத்தி இருக்கிறது. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். மானாவாரிப் பருத்திக்கு இது வழக்கமான இடைவெளிதான். அந்த ஒரு ஏக்கரில் உள்ள வரிசைகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்தால் எவ்வளவு நீளம் வரும் தெரியுமா? ஏறத்தாழ 9 கிலோமீட்டர்! அந்த நீளம் முழுவதும் யாரோ குனிந்தோ, குத்தவைத்தோ, அடிக்கு ஒரு முறை கொத்திக்கொண்டே நகர்ந்து போக வேண்டும். அதுவும் ஒரு முறை அல்ல. விதைத்த இரண்டு, மூன்று வாரத்தில் முதல் களை. அதிலிருந்து மூன்று வாரம் கழித்து இரண்டாம் களை. மழை விடாமல் பெய்தால் மூன்றாவதும் உண்டு.

கரிசல் மண்ணில் இந்த வேலை இரட்டிப்பு சிரமம். இந்த மண்ணில் களிச்சத்து அதிகம். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டுக் கிடக்கும். மழை பெய்ததும் பசைபோல மாறிவிடும். இரண்டு எட்டு நடந்தால் காலடியில் ஒரு கிலோ மண் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்தவுடன் காட்டுக்குள் இறங்க முடியாது. நாலு நாள் தாமதித்தால் மண் கட்டிதட்டிக் கொத்தி இறங்காது. நடுவில் மண் பதமாக இருக்கும் சில நாள்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஊரில் எல்லாக் காட்டுக்கும் ஒரே நேரத்தில்தான் அந்தப் பதம் வரும் என்பதால், ஆள் கிடைப்பதும் அப்போதுதான் திண்டாட்டம்.

‘மருந்தடித்தால் களை செத்துவிடுமே’ என்று கேட்கலாம். களைக்கொல்லி இப்போது பரவலாகிவிட்டது உண்மைதான். ஆனால், கொத்துவதில் இன்னொரு லாபமும் உண்டு. மேல்மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கிவிட்டால் வெடிப்புகள் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகாமல் நிற்கும். வானம் பார்த்த பூமியில் அடுத்த மழை எப்போது என்று தெரியாதபோது, இப்படிக் காப்பாற்றி வைத்த ஈரம்தான் பயிரைக் கரைசேர்க்கும்.

களை என்று பிடுங்குவது எல்லாம் குப்பைக்கும் போவதில்லை. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சேலை மடியில் சேர்ந்துவிடும். சாயங்காலம் வீட்டில் கீரைக்குழம்பு!

கடல் கடந்த கறுப்பு மண்!

இந்தத் தொடர் பிறந்த இடம் அமெரிக்கா. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த நாட்டின் எழுத்தில் இது புழங்கத் தொடங்கிவிட்டது. டென்னஸி மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன டேவி கிராக்கெட்டின் பெயரில் 1835-ல் வெளியான பயண நூலிலும் ‘ஹார்ட் ரோ டு ஹோ’ இடம்பெற்றிருக்கிறது. கரடிவேட்டைக்குப் பேர்போன, காட்டுப்புறத்து அரசியல்வாதி அவர். கிராமத்து ஆள்கள் பேசிக்கொள்ளும் மொழிக்கு அவர் பெயர் ஓர் அடையாளமாகவே ஆகியிருந்தது.

ஆனால், அந்தக் காலத்து அமெரிக்காவின் தென்மாநிலங்களில் பெரும் பண்ணைகளின் பருத்தி வரிசைகளில் கொத்தி பிடித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். பருத்திச் செடியைக் கலைத்துவிட்டுக் களை வெட்டும் வேலைக்கு ‘சாப்பிங் காட்டன்’ என்றே ஒரு தனிப் பெயர் அங்கே உண்டு. கண்காணி சாட்டையோடு நிற்க, அந்த வரிசைகளில் நகர்ந்தவர்களுக்கு ‘எனக்கு இந்த வரிசை கடினம்’ என்று சொல்லும் உரிமைகூடக் கிடையாது. இன்றைக்கு ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் தொடருக்குப் பின்னால் இப்படியொரு வியர்வையும் இருக்கிறது.

அலபாமா, மிசிசிப்பி மாநிலங்களில் பருத்தி விளைந்த ஒரு பகுதிக்கு ‘பிளாக் பெல்ட்’ என்று பெயர். அடிமையாகப் பிறந்து பின்னாளில் பெரும் கல்வியாளரான புக்கர் டி. வாஷிங்டன், 1901-ல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில், மண்ணின் கறுப்பு நிறத்தால்தான் அந்தப் பெயர் முதலில் வந்தது என்று விளக்கியிருக்கிறார். அங்கேயும் கறுப்பு மண், அங்கேயும் பருத்தி!

அதே 1901-ல்தான் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் இந்த நிலையம், மானாவாரிப் பருத்தியிலும் சோளம் போன்ற தானியங்களிலும் பல ரகங்களைத் தந்திருக்கிறது. ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கும் ரகப் பெயர்களில் அந்த ‘கே’ கோவில்பட்டியைக் குறிப்பது. கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தியும் இந்தக் கரிசலின் அடையாளம்.

இரண்டு கறுப்பு மண்ணையும் வரலாறு ஒருமுறை நேரடியாகவே முடிச்சுப்போட்டது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். தென்மாநிலப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குப் போவது தடைபட்டது. ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. அப்போது திருநெல்வேலிப் பருத்திக்கும் கிராக்கி ஏறி, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. அங்கே கொத்தி நின்றபோது, இங்கே கொத்தி வேகமெடுத்திருக்கிறது!

எப்போது சொல்லலாம்... எப்போது சொல்லக் கூடாது?

இப்போது கையேட்டின் பட்டியலுக்குத் திரும்பலாம். நிரையை மனதில் வைத்துக்கொண்டால், ‘கடினமான வேலை’ என்று ஒரே அர்த்தம் போட்டிருக்கும் தொடர்களைப் பிரித்துப் பார்ப்பது சுலபம்.

*டஃப் ரோ டு ஹோ:* ஒரே மூச்சில் முடிக்க முடியாத, நீண்ட நாள் இழுக்கும் பாடு. அது உங்கள் பங்குக்கு வந்தது, தட்டிக்கழிக்க முடியாது. கணவரை இழந்த ஒரு பெண், தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறார் என்றால், ‘ஷி ஹேஸ் எ டஃப் ரோ டு ஹோ’ என்று சொல்லலாம். சொல்லும்போது அதில் பரிவும் மரியாதையும் கலந்திருக்கும்.

*டஃப் நட் டு கிராக்:* உடைக்க முடியாத கொட்டை. விடை பிடிபடாத கணக்கு, மனதில் இருப்பதை வெளியே விடாத ஆள் இதில் சேரும். உடைந்துவிட்டால் அத்தோடு வேலை முடிந்தது. 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயின் நிலக்கடலையை இங்கே நினைக்க வேண்டாம். அதை இரண்டு விரலால் உடைத்துவிடலாம். இந்தத் தொடர் சொல்வது கெட்டி ஓடுள்ள கொட்டையை!

*அப்ஹில் பேட்டில்:* மேட்டை நோக்கி ஏறிக்கொண்டே சண்டை போடுவது. சூழ்நிலையே எதிராக இருக்கும்போது சொல்வது. பெரிய கட்சிகளை எதிர்த்து நிற்கும் சுயேச்சை வேட்பாளருக்குப் பொருந்தும்.

*ஹெர்குலியன் டாஸ்க்:* கிரேக்கப் புராண வீரன் ஹெர்குலிஸ் செய்வது போன்ற பிரமாண்ட வேலை. அளவிலேயே மலைக்கவைப்பது.

*பீஸ் ஆஃப் கேக்:* இவை எல்லாவற்றுக்கும் நேர் எதிர். திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ‘அல்வா சாப்பிடுற மாதிரி!’

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இந்தத் தொடரில் தடுக்கி விழுவதுண்டு. ‘டஃப் ரோ டு ஹோ’ என்பதை ‘டஃப் ரோடு டு ஹோ’ என்று எழுதிவிடுவார்கள். ரோட்டில் போய் யாராவது களை வெட்டுவார்களா? காட்டைப் பார்க்காத தலைமுறைக்கு வரிசை மறந்துபோய் ரோடு நினைவுக்கு வருகிறது. கரிசல்காட்டுப் பிள்ளை ஒருபோதும் இந்தத் தப்பைச் செய்யாது. தேர்வில் இரண்டும் விருப்பத்தேர்வாக வந்தால் களைக்கொத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது?

‘கல்லில் நார் உரிப்பது’ என்று மொழிபெயர்த்தால் சரியாக வராது. அது நடக்கவே நடக்காத காரியம். நிரை கடினமானதுதான், ஆனால் முடியக்கூடியது. ‘குதிரைக் கொம்பு’ என்றால் கிடைக்காத பொருள். ‘பெண்டு நிமிர்ந்துபோச்சு’ என்றால் களைப்பு மட்டும்தான் தெரிகிறது.

கிட்டத்தில் வருவது ஒரே ஒரு சின்னச் சொல். பாடு! ‘அவ பாடு பெரும்பாடு’ என்கிறோமே, அதுதான். பாடு என்றால் உழைப்பு, பாடு என்றால் கஷ்டம், ‘அவரவர் பாடு’ என்னும்போது அவரவர் பங்கு. ஆங்கிலத் தொடர் ஒரு வரிசையை வைத்துச் சொல்லும் மூன்றையும் தமிழ் இரண்டு எழுத்தில் வைத்திருக்கிறது.

இப்படிப்பட்ட சொற்களின் அருமையை முதலில் ஊருக்குச் சொன்னவர்களில் ஒருவர், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கினேன் என்று தன்னைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்ட விவசாயி. காட்டிலும் களத்திலும் பேசும் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். பட்டம் படிக்காத அவரைப் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. ‘பட்டிக்காட்டுப் பேச்சு’ என்று கூச்சப்பட்டு ஒளித்துவைக்க வேண்டிய மொழி அல்ல இது என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

குட்டைக் கொத்திக்கு வந்த தடை!

தொடரின் அர்த்தம் புரிந்துவிட்டது. ஆனால், அந்த வரிசையில் இன்னமும் குனிந்திருப்பவர்களின் முதுகு?

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்காகவே ஒரு சட்டப் போராட்டம் நடந்தது. அங்கே காய்கறிப் பண்ணைகளில் வேலை பார்த்த மெக்ஸிகோ வம்சாவளித் தொழிலாளர்களுக்குக் குட்டைக் கைப்பிடி வைத்த கொத்தியைக் கொடுத்தார்கள். ‘எல் கோர்டிட்டோ’ என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் ‘குட்டையன்’. நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். யார் நிமிர்கிறார்கள் என்பது மேஸ்திரிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். பலருக்கு முதுகெலும்பு நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. தொழிலாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கருவி தடைசெய்யப்பட்டது. நீண்ட கைப்பிடி வந்ததும் தொழிலாளர்கள் நின்றுகொண்டு வேலை செய்தார்கள். பயிர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

நம் ஊர்க் களைக்கொத்தியும் குட்டைதான். நின்றபடியே தள்ளி இழுக்கும் நீண்ட கைப்பிடிக் களைக்கருவிகள் இங்கேயும் வந்துவிட்டன. வரிசையாக விதைத்த காட்டில் அவை நன்றாகவே ஓடும். ஆனால், செடிக்கு நடுவில் முளைத்த களையைக் கையால்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் பெரும்பாலான காடுகளில் இன்றைக்கும் கூலிக்கு வரும் பெண்கள் குனிந்துதான் இருக்கிறார்கள். இடுப்பு வலியும் முழங்கால் வலியும் ‘வயசானா வர்றதுதானே’ என்ற கணக்கில் போய்விடுகின்றன.

வீட்டில் களை எடுக்கப் போகும் அம்மா, பாட்டி, சித்தி இருக்கிறார்களா? அடுத்த முறை வலிக்கிறது என்று சொன்னால் தைலத்தோடு நிறுத்திவிடாமல், ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். பருத்தி வரிசையாக விதைக்கிற சொந்தக் காடு என்றால், நீண்ட கைப்பிடிக் கருவி ஒன்றை வாங்கிப் பாருங்கள்.

பக்கத்து நிரைக்குக் கை கொடுப்பது!

ஆங்கிலத் தொடரில் இல்லாத ஒரு விஷயம் கரிசல் நிரையில் இருக்கிறது. அந்தத் தொடரில் வரும் மனிதர் தனி ஆள். அவர் வரிசை, அவர் பாடு. கரிசல்காட்டில் நிரை ஆளுக்கொன்று என்றாலும், எல்லோரும் ஒரே நேரத்தில் மறுமுனை போய்ச் சேருவதில்லை. வயதான ஒருவரோ, பிள்ளை பெற்று வந்த ஒருவரோ பின்தங்கிவிடுவார். கை வேகமான பெண் தன் நிரையை முடித்ததும் கரையில் போய் உட்காரமாட்டார். பின்தங்கியவரின் நிரையில் எதிர்முனையிலிருந்து கொத்திக்கொண்டே வருவார். இரண்டு பேரும் நடுவில் சந்திக்கும்போது நிரை முடிந்திருக்கும். பிறகுதான் எல்லோருக்கும் தூக்குவாளியில் கஞ்சி.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இந்தத் தொடரை இனி மறக்காது. அந்தக் கையேட்டை வாங்கிக் கொடுத்த பணம் எத்தனை நிரையில் சம்பாதித்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், இன்னும் நன்றாக நினைவில் நிற்கும்!